கிணற்றில் விளக்கு அணையாமல் எரிந்தால் இறங்கலாமா? கார்பன் டை ஆக்சைடு பற்றி ஒரு விவாதம்

அமராவதிக்கரை எழுதியது:

வணக்கம். தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றைத் தூர் வார வேண்டும். அறுபது அடி ஆழம். போர் போட்ட பிறகு பல வருடமாக இறைப்பே இல்லை. அடியில் கொஞ்சம் தண்ணீர், மட்கின இலை தழை, சேறு. வேலைக்கு வரும் மேஸ்திரி, "முதலில் அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்ப்போம், அணையாமல் எரிந்தால் ஆள் இறங்கலாம்" என்கிறார். நல்ல அனுபவம் உள்ளவர். வேதியியல் படிக்கும் என் தங்கை மகள் அது போதாது என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?

இன்னொரு சந்தேகம். இதே வாயுவைத்தானே சோடாவில் அடைத்துக் குடிக்கிறோம்? ஒவ்வொரு மூச்சிலும் வெளியே விடுகிறோம்? பிறகு எப்படி ஆளைக் கொல்கிறது? அதுவே நஞ்சா, இல்லை ஆக்சிஜன் இல்லாமல் போவதுதான் காரணமா?

---

வேதியியல் வாத்தியார் எழுதியது:

உங்கள் தங்கை மகள் சொல்வதைக் கேளுங்கள். மேஸ்திரியின் அனுபவத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. விளக்கு காட்டுவது ஆக்சிஜன் குறைவை மட்டும். கார்பன் டை ஆக்சைடை அது அளக்காது.

முதலில் இந்த வாயுவின் குணத்தைப் பார்ப்போம். நிறம் கிடையாது. குறைந்த அளவில் மணமும் கிடையாது. மிக அதிகமாக இருந்தால் மூக்கில் சுருக்கென்று புளிப்பாக ஏறும். சோடா குடித்து ஏப்பம் விடும்போது மூக்கில் ஏறுவது அதுதான். மூலக்கூறு எடை 44, காற்றின் சராசரி 29. அதாவது காற்றைப் போல ஒன்றரை மடங்கு கனம். எரியாது, எரிவதையும் அணைக்கும். தண்ணீரில் கரைந்து கார்போனிக் அமிலம் ஆகும். தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரைப் பால் போல் ஆக்கும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் செய்து பார்த்திருப்பீர்கள்.

கனமான வாயு என்பதால் எங்கே இருந்தாலும் தரையில் போய்ப் படிந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். காற்றோட்டம் உள்ள இடத்தில் அப்படி ஆகாது, கலந்துவிடும். கிணறு, தொட்டி, சாக்கடைக் குழி போன்ற இடங்களில் காற்று அசைவதே இல்லை. அங்கேதான் அது உட்கார்ந்துகொள்ளும்.

இப்போது விளக்கு. சாதாரணச் சுடர் ஆக்சிஜன் சுமார் 16, 17 சதவீதத்துக்கு இறங்கும்போது அணையும். உங்கள் கிணற்றில் இலை மட்கும்போது ஆக்சிஜன் செலவாகி அந்த இடத்தில் கார்பன் டை ஆக்சைடு வருகிறது. ஆக்சிஜன் 18 சதவீதமும் கார்பன் டை ஆக்சைடு 3 சதவீதமுமாக இருக்கிறது என்று வையுங்கள். விளக்கு கொஞ்சம் மங்கலாக எரியும், அணையாது. மேஸ்திரி இறங்கலாம் என்பார். 3 சதவீதம் என்பது 30,000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு என்ற கணக்கு). வெளிக்காற்றில் இருப்பது 420 பிபிஎம் சுற்றி. எழுபது மடங்கு! அந்தக் காற்றில் நின்று சேறு வாரி கூடையில் போட வேண்டும். கடும் உழைப்பில் உடம்பே இன்னும் அதிகமாக இந்த வாயுவை உண்டாக்கும். சேற்றைக் கிளறினால் அதில் அடைபட்டிருந்ததும் வெளியே வரும். இறங்கும்போது இருந்த அளவு பத்து நிமிடம் கழித்து இருக்காது.

---

தீயணைப்பில் இருந்தவன் எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அடைபட்டிருந்த கிணற்றில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவும் மீத்தேன் என்ற எரியும் வாயுவும் இருக்கலாம். மீத்தேன் உள்ள இடத்தில் எரியும் விளக்கை இறக்கினால் தீப்பிடிக்கும். ஆகவே அந்தச் சோதனையே ஆபத்து.

கிணற்றுச் சாவுகளில் என்னை வாட்டும் விஷயம், ஒருவர் பின் ஒருவராக இறங்குவது. 2025 ஏப்ரல் 3 அன்று மத்தியப் பிரதேசத்தில் கண்ட்வா மாவட்டத்துக் கொண்டாவத் கிராமத்தில், கங்கௌர் திருவிழாவுக்காகக் கிணற்றைச் சுத்தம் செய்யும்போது 8 பேர் போனார்கள். முதலில் இறங்கியவர் தத்தளிக்க, காப்பாற்றப் போனவர்களும் வரிசையாக விழுந்தார்கள். அமெரிக்காவின் தொழிற் பாதுகாப்பு நிறுவனமான நயோஷ் 1986இலேயே எச்சரித்தது: இப்படி அடைபட்ட இடங்களில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள். அண்ணன் விழுந்ததைப் பார்த்துத் தம்பி சும்மா நிற்க மாட்டான். அது மனித இயல்பு. அதனால்தான் முடிவை விழுவதற்கு முன்பே எடுக்க வேண்டும்: உள்ளே ஒருவர் சரிந்தால் மேலே இருப்பவர் யாரும் இறங்கக் கூடாது, கயிற்றை இழுக்க வேண்டும், 101 அல்லது 112க்கு அடிக்க வேண்டும். இறங்குபவர் இடுப்பில் கயிறு இல்லையென்றால் இழுக்க வழியே கிடையாது. முகத்தில் ஈரத்துண்டு கட்டுவதால் ஒரு பயனும் இல்லை. தூசி முகமூடியும் அப்படித்தான்.

---

அமராவதிக்கரை எழுதியது:

நன்றி ஐயா. படிக்கவே பயமாக இருக்கிறது. வேப்பங்கிளையைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் ஆட்டுவார்கள், தண்ணீரை வாளி வாளியாக ஊற்றுவார்கள். அதில் பலன் உண்டா? சுண்ணாம்பு கொட்டினால் வாயுவை உறிஞ்சிவிடும் என்றும் ஒருவர் சொன்னார்.

---

வேதியியல் வாத்தியார் எழுதியது:

கிளையை ஆட்டினால் காற்று கொஞ்சம் கலங்கும், தண்ணீர் விழும்போதும் மேல்காற்று சிறிது கீழே போகும். எவ்வளவு மாறியது என்று தெரியாமல் அதை நம்பி ஆளை இறக்க முடியாது.

சுண்ணாம்பு விஷயத்தில் வேதியியல் சரி. வீட்டுச் சுவரில் அடித்த சுண்ணாம்பு கெட்டியாவதே காற்றிலிருந்து இந்த வாயுவை எடுத்துக்கொண்டு மீண்டும் சுண்ணாம்புக்கல்லாக மாறுவதால்தான். 1970 ஏப்ரலில் அப்போலோ 13 விண்கலத்தில் மூவர் உயிர் தப்பியதும் இதே கொள்கையில். நிலவில் இறங்கும் கலத்துக்குள் இரண்டு பேருக்கான ஏற்பாட்டில் மூன்று பேர் தங்க நேர்ந்தது. மூச்சுக்காற்றின் கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போனது. தாய்க்கலத்தின் லித்தியம் ஹைட்ராக்சைடு பெட்டிகள் சதுரம், இங்கே இருந்த துளைகள் வட்டம். பிளாஸ்டிக் உறை, அட்டை, குழாய், ஒட்டும் நாடா கொண்டு பொருத்தினார்கள். ஆனால் அங்கே விசிறி வைத்துக் காற்றைப் பெட்டி வழியாக ஓட விட்டார்கள். உங்கள் கிணற்றில் காற்று ஓடாது; கொட்டிய சுண்ணாம்பு மேல்பரப்பில் பட்டதை மட்டும் மெதுவாக எடுக்கும். போதாது.

---

மயக்கமருந்து மருத்துவர் எழுதியது:

"அதுவே நஞ்சா, இல்லை ஆக்சிஜன் இல்லாததா" என்று அமராவதிக்கரை கேட்டாரே, இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி அது. நம் செய்தித்தாள்களில் எப்போதும் "மூச்சுத்திணறி இறந்தார்" என்று முடித்துவிடுகிறார்கள். படிப்பவர் ஆக்சிஜன் கிடைக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறார். உண்மை அதற்கும் மேலே.

ஆக்சிஜன் முழு அளவில் இருந்தாலும் கார்பன் டை ஆக்சைடு மட்டுமே ஆளை வீழ்த்தும். ரத்தத்தில் அது கரைந்தால் அமிலம் கூடும். உடம்பு இந்த அமில அளவை மிகக் குறுகிய எல்லைக்குள் வைத்திருக்கிறது. மூளையின் அடித்தண்டில் இருக்கும் உணர்விகள் ரத்தத்தின் கார்பன் டை ஆக்சைடைப் பார்த்துத்தான் எவ்வளவு மூச்சு வாங்க வேண்டும் என்று முடிவு செய்கின்றன. சாதாரண நிலையில் ஆக்சிஜனுக்கு அதில் பெரிய பங்கில்லை. 1905இல் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் (சோடாவைக் கண்டுபிடித்த பிரீஸ்ட்லி வேறு ஆள்) இதை நிரூபித்தார்கள். மூச்சை அடக்கிப் பாருங்கள். ஒரு கட்டத்தில் விட்டே ஆக வேண்டும் என்று நெஞ்சு தவிக்கிறதே, அந்தத் தவிப்பைக் கிளப்புவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு.

அளவுகளைச் சொல்கிறேன். 1, 2 சதவீதத்தில் மூச்சு சற்று ஆழமாகும், பலருக்குத் தெரியாது. 3 சதவீதத்தில் தலைவலி, மூச்சு வேகம். 5 சதவீதத்தில் மூச்சு இரைக்கும், தலை சுற்றும், வியர்க்கும், இதயம் படபடக்கும். 7லிருந்து 10 சதவீதத்தில் சில நிமிடங்களில் நினைவு தப்பும். 10க்கு மேல் வலிப்பு, மயக்கம், மரணம். 30 சதவீதக் காற்றில் இரண்டு மூன்று மூச்சிலேயே ஆள் சரிந்துவிடுவார். கிணற்றில் "இறங்கினார், ஒரு சத்தமும் இல்லை, விழுந்துவிட்டார்" என்று சொல்வார்களே, அடியில் இந்த அளவு இருந்தால் அப்படித்தான் நடக்கும். தலைவலிக்கோ தவிப்புக்கோ நேரமே கிடைக்காது.

நாம் வெளியே விடும் மூச்சில் சுமார் 4 சதவீதம் இது இருக்கிறது. வெளியே விடுகிறோம் என்பதால்தான் பிழைக்கிறோம். சோடாவில் உள்ளது வயிற்றுக்குப் போகிறது, பெரும்பகுதி ஏப்பமாக வருகிறது. நுரையீரலுக்குள் போவது வேறு கதை.

---

இரண்டாமாண்டு மாணவி எழுதியது:

நான்தான் அந்தத் தங்கை மகள்! மாமா இங்கே கேட்டிருப்பார் என்று எதிர்பார்க்கவில்லை.

டாக்டர், ஒன்று கேட்க வேண்டும். நான்கு வாயு மீட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்து இறக்கிப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தேன். ஆக்சிஜன், ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு, எரியும் வாயு ஆகிய நான்கையும் காட்டுமாம். அது போதுமா?

---

தீயணைப்பில் இருந்தவன் எழுதியது:

அருமையான கேள்வி அம்மா. போதாது. நீ சொன்ன நான்கில் கார்பன் டை ஆக்சைடு இல்லை, கவனித்தாயா? கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான நான்கு வாயு மீட்டர்களில் இருக்காது. அகச்சிவப்புக் கதிரில் அளக்கும் தனி உணரி வேண்டும். கேட்டு வாங்க வேண்டும்.

"ஆக்சிஜன் குறைந்தால் அலாரம் அடிக்குமே" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார். அலாரம் 19.5 சதவீதத்தில் அடிக்கும். சிலிண்டர் கசிந்தோ உலர்பனி (டிரை ஐஸ், அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு) ஆவியாகியோ இந்த வாயு காற்றை இடம்பெயர்த்தால், போகும் காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன். 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு நுழைந்தால் ஆக்சிஜன் 20.9லிருந்து 19.9க்குத்தான் இறங்கும். மீட்டர் சும்மா இருக்கும். 19.5க்குக் கீழே வர 7 சதவீதம் நுழைந்திருக்க வேண்டும். டாக்டர் சொன்ன பட்டியலில் 7க்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்.

மட்கும் கிணற்றில் ஆக்சிஜனும் சேர்ந்தே செலவாவதால் மீட்டர் சீக்கிரம் அடிக்கும். அந்த வகையில் உன் யோசனை விளக்கைவிட நூறு மடங்கு மேல். கார்பன் டை ஆக்சைடு உணரியும் சேர்ந்திருந்தால் முழுமை. மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்திலும் பார்க்க வேண்டும், வேலை நடக்கும்போதும் மீட்டர் ஆளோடு இருக்க வேண்டும்.

---

தோட்டக்காரி எழுதியது:

எங்கள் ஊரில் இந்த மாதிரி எல்லாம் சித்திரை வைகாசியில்தான் நடக்கிறது. வெயில் காலத்தில்தான் தண்ணீர் வற்றும், அப்போதுதான் தூர் வாருவார்கள், அதனால் என்று நினைத்தேன். வேறு காரணமும் உண்டா?

---

வேதியியல் வாத்தியார் எழுதியது:

உண்டு அம்மா. கோடையில் கிணற்றடிக் காற்று குளிர்ச்சி, மேலே அனல். குளிர்ந்த காற்று கனம், அது அசையாமல் அப்படியே கிடக்கும். மேல்காற்றும் கீழ்க்காற்றும் கலக்கவே கலக்காது. மார்கழி இரவில் நேர் எதிர்: மேலே குளிர், கிணற்றுக்குள் வெதுவெதுப்பு. குளிர்ந்த காற்று உள்ளே இறங்கிப் பழைய காற்றைத் தள்ளிவிடும். ஆக, நாம் தூர் வாரும் காலமும் வாயு தேங்கும் காலமும் ஒன்று.

இன்னொன்றும் இருக்கிறது. மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் சுவாசிப்பதால் மண்காற்றில் கார்பன் டை ஆக்சைடு எப்போதும் அதிகம். வெளியே காற்றழுத்தம் இறங்கினால் அந்த மண்காற்று கிணற்றுச் சுவர் வழியே உள்ளே கசிந்து வரும். கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை என்று செய்தி வரும் நாளில் நேற்றுப் பாதுகாப்பாக இருந்த கிணறு இன்று இல்லாமல் போகலாம். "நேற்றுதானே இறங்கினேன்" என்பது ஆதாரமே கிடையாது.

---

ஃபவுண்டரிக்காரன் எழுதியது:

நல்ல விவாதம். நான் கோவையில் ஃபவுண்டரியில் (உலோக வார்ப்பாலையில்) இருக்கிறேன். எங்களுக்கு இந்த வாயு இல்லாமல் பிழைப்பே இல்லை. மணலில் சோடியம் சிலிக்கேட்டைக் கலந்து கோர் (வார்ப்புக்குள் குழிவு உண்டாக்கும் மணல் அச்சு) பெட்டியில் இடித்து, அதற்குள் கார்பன் டை ஆக்சைடை, அதாவது சிஓ2வைச் செலுத்தினால் சில நொடியில் கல்லாக இறுகும். அதிகமாகச் செலுத்தினால் கோர் பொடிந்துவிடும், கைப்பக்குவம் வேண்டும். வெல்டிங் பக்கமும் சிஓ2 வெல்டிங்தான், உருகும் இரும்பைக் காற்றுப் படாமல் காக்கிறது. சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும். வேகமாக எடுத்தால் ரெகுலேட்டர் உறைந்துபோகும், அதற்கென்று ஹீட்டர் மாட்டுவோம்.

ஆனால் பெரிய வார்ப்புகளுக்குத் தரையில் குழி வெட்டி மோல்டு செய்யும்போது யாரும் இந்த வாயுவைப் பற்றி யோசிப்பதில்லை. குழிக்குள் குனிந்து கேஸ் செலுத்துகிறோம். தலைவலி வந்தால் வெயில் என்று சொல்லிவிடுகிறோம். இந்த இழையைப் படித்த பிறகு குழிக்குள் ஊதுவிசிறி போடச் சொல்லப் போகிறேன்.

---

வேதியியல் வாத்தியார் எழுதியது:

கட்டாயம் சொல்லுங்கள் தம்பி. எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் வரம்பு 5,000 பிபிஎம், அரை சதவீதம். 40,000 பிபிஎம் என்றால் உயிருக்கு உடனடி ஆபத்து என்று நயோஷ் வகைப்படுத்தியிருக்கிறது. தொட்டிக்குள் நுழைந்து சிஓ2 வெல்டிங் செய்தால் இரட்டை ஆபத்து, ஏனென்றால் வில்சுடரின் சூட்டில் கொஞ்சம் கார்பன் மோனாக்சைடாக உடையும்.

பயன்களைச் சொன்னால் முடிவே இல்லை. இட்லி மாவு பொங்குவது, கள் நுரைப்பது, ஆப்ப சோடா போட்டதும் மாவு உப்புவது எல்லாம் இதுதான். யூரியா உரம் அமோனியாவோடு இதைச் சேர்த்துத்தான் செய்கிறார்கள். தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில் 2016 முதல் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து இதைப் பிரித்தெடுத்து சோடா உப்பு செய்யும் ஏற்பாடு வந்தது, ஆண்டுக்கு 60,000 டன் என்ற திட்டத்தில். 31 டிகிரி வெப்பத்துக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோனால் இது திரவமும் இல்லாமல் வாயுவும் இல்லாமல் ஒரு நிலைக்கு வரும். அந்த நிலையில் காபிக்கொட்டைக்குள் புகுந்து காஃபீனை மட்டும் கரைத்துக்கொண்டு வெளியேறும்.

---

மயக்கமருந்து மருத்துவர் எழுதியது:

என் பங்குக்கு ஒன்று. சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சையில் வயிற்றை ஊத வைப்பது இந்த வாயுவால்தான். எரியாது, அதனால் உள்ளே மின்கத்தி பயன்படுத்தலாம். ரத்தத்தில் சுலபமாகக் கரையும், தப்பித் தவறி ரத்தக்குழாயில் போனாலும் காற்றுக்குமிழியைவிட ஆபத்து குறைவு. கரைந்தது நுரையீரல் வழியே வெளியேறிவிடும். அந்த நேரம் முழுக்க நாங்கள் வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடைத் திரையில் பார்த்துக்கொண்டே செயற்கை மூச்சின் அளவைக் கூட்டுவோம். சிகிச்சைக்குப் பிறகு சிலருக்குத் தோள் வலிக்கும். மீதி வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது, ஓரிரு நாளில் போய்விடும்.

---

நீலகிரிக்காரன் எழுதியது:

எங்கள் பக்கம் குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கி இறந்துபோகும் சுற்றுலாப் பயணிகள் பற்றி அவ்வப்போது செய்தி வருகிறது. அதுவும் இந்த வாயுதானே?

---

மயக்கமருந்து மருத்துவர் எழுதியது:

முக்கியக் குற்றவாளி வேறு. அது கார்பன் மோனாக்சைடு. கரி அரைகுறையாக எரியும்போது வருவது. ரத்தச் சிவப்பணுவின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பிடிக்கும். தவிப்பே வராது, அதனால் தூக்கத்திலேயே போய்விடுகிறார்கள். 30,000 பிபிஎம் கார்பன் டை ஆக்சைடு தலைவலி தரும். கார்பன் மோனாக்சைடு ஆயிரம் பிபிஎம் சுற்றி இருந்தாலே சில மணி நேரத்தில் கொல்லும். அறைக்குள் கரி அடுப்பு, ஜெனரேட்டர் இரண்டும் கூடவே கூடாது. கிணற்றுக்குள் டீசல் எஞ்சினை இறக்கி நீர் இறைப்பதும் இதே காரணத்தால் உயிரை வாங்கும்.

---

மண்டப அலங்காரம் எழுதியது:

நான் திருமண மண்டபங்களில் மேடை அலங்காரம் செய்கிறேன். மணமக்கள் வரும்போது காலடியில் வெள்ளைப் புகை பரவுமே, டிரை ஐஸ் போடுவோம். எல்லோரும் கேட்கிறார்கள். குழந்தைகள் அந்தப் புகைக்குள் உட்கார்ந்து விளையாடுகிறார்கள். அதில் ஆபத்து உண்டா?

---

வேதியியல் வாத்தியார் எழுதியது:

உண்டு அம்மா, நீங்கள் கேட்டதற்கு நன்றி. கண்ணுக்குத் தெரியும் வெள்ளை, காற்றின் ஈரம் குளிரில் திரண்ட நீர்த்துளி. கார்பன் டை ஆக்சைடு அதோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாமல் தரையில் ஊர்கிறது. புகை கலைந்த பிறகும் வாயு அங்கேயே இருக்கும். பெரியவர் நிற்கும்போது மூக்கு ஐந்தடி உயரத்தில். தவழும் குழந்தைக்கு ஓரடியில்.

ஒரு கிலோ உலர்பனி ஆவியானால் 500 லிட்டருக்கும் மேல் வாயு. திறந்த மண்டபத்தில் விசிறி ஓட, இரண்டு மூன்று கிலோ பயன்படுத்துவது வேறு. கதவடைத்த ஏசி அறையில் பத்து கிலோ போடுவது வேறு. 2020 பிப்ரவரியில் மாஸ்கோவில் ஒரு விருந்தில், காட்சிக்காக நீச்சல் குளத்தில் 25 கிலோ உலர்பனியைக் கொட்டினார்கள். மூன்று பேர் இறந்தார்கள். தண்ணீரில் போட்டால் மிக வேகமாக ஆவியாகும் என்பதை அவர்கள் நினைக்கவில்லை. கொண்டுபோகும்போதும் கவனம்: காரின் உள்வெளி சுமார் 3,000 லிட்டர். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டினால், 200 கிராம் ஆவியானாலே 3 சதவீதத்தைத் தாண்டலாம். 2018இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில் ஐஸ்கிரீமுக்கான உலர்பனிப் பெட்டிகள் இருந்த காரில் ஒரு பெண் இப்படித்தான் இறந்தார். டிக்கியில் வைத்தாலும் கண்ணாடியை இறக்கியே ஓட்டுங்கள்.

வெப்பநிலை மைனஸ் 78.5. வெறுங்கையால் தொட்டால் தோல் வெந்தது போலாகும், தடித்த கையுறை வேண்டும். மூடியிட்ட பாட்டிலில் அடைத்தால் வெடிக்கும். வாயில் போடவே கூடாது. 2024 மார்ச்சில் குருகிராமில் ஓர் உணவகத்தில் வாய்மணப் பொருள் என்று இதைக் கொடுத்ததில் 5 பேர் ரத்த வாந்தி எடுத்து மருத்துவமனைக்குப் போனார்கள். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, மீதியைத் திறந்தவெளியில் ஆவியாக விடுங்கள்.

---

தோட்டக்காரி எழுதியது:

இயற்கையாகவே இப்படி ஊரோடு கொன்ற ஏரி ஒன்று ஆப்பிரிக்காவில் இருப்பதாகப் படித்தேன். நம்ப முடியவில்லை.

---

இரண்டாமாண்டு மாணவி எழுதியது:

உண்மைதான் அக்கா. கேமரூன் நாட்டில் நியோஸ் ஏரி. 1986 ஆகஸ்ட் 21 இரவு. எரிமலை வாயில் உருவான ஏரி அது. அடியிலிருந்து கசிந்த வாயு ஆழத்து நீரின் அழுத்தத்தில் பல காலமாகக் கரைந்து கிடந்தது, மூடி திறக்காத சோடா பாட்டில் மாதிரி. ஏதோ ஓர் அசைவில் அடிநீர் மேலே வந்ததும் மொத்தமும் பொங்கியது. கனமான வாயு பள்ளத்தாக்கு வழியே இறங்கி 25 கிலோமீட்டர் தூரம் வரை போனது. 1,700க்கும் மேற்பட்ட மனிதர்கள், ஆயிரக்கணக்கான மாடுகள். வீடு, மரம் எல்லாம் அப்படியே நின்றன. இரண்டு வருடம் முன்பு பக்கத்து மோனூன் ஏரியில் 37 பேர் இதே போல் இறந்திருந்தார்கள்; அப்போது காரணம் சரியாகப் புரியவில்லை. 2001இல் நியோஸ் ஏரியின் அடி வரை குழாய் இறக்கி வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்ற ஆரம்பித்தார்கள். ஒரு முறை தொடங்கிவிட்டால் வாயுவே நீரை மேலே தள்ளும், பம்பு தேவையில்லை.

மனிதர் உண்டாக்கியதும் உண்டு. 2020 பிப்ரவரி 22 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பியில் சட்டார்ஷியா என்ற சிற்றூருக்கு அருகே கார்பன் டை ஆக்சைடு கொண்டுபோகும் குழாய் உடைந்தது. 45 பேருக்கு மருத்துவமனையில் சிகிச்சை. ஆக்சிஜன் இல்லாமல் கார்களே நின்றுபோயின, தப்பி ஓட முடியவில்லை. காற்றிலிருந்து கார்பனைப் பிடித்து நிலத்தடியில் புதைக்கும் திட்டங்கள் எல்லா நாட்டிலும் பேசப்படும்போது, குழாய் போகும் ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்லியாக வேண்டும்.

---

சோழிங்கநல்லூர் எழுதியது:

ஏசி அறையில் கதவைச் சாத்தி இரவு முழுக்கத் தூங்குகிறோமே, அதில் இந்த வாயு ஏறாதா? காலையில் தலை கனமாக இருக்கிறது.

---

மயக்கமருந்து மருத்துவர் எழுதியது:

ஏறும். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே இழுப்பதில்லை, அறைக்காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. தூங்கும் ஒருவர் மணிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று லிட்டர் வெளியிடுவார். சிறிய அறை, இரண்டு பேர், எட்டு மணி நேரம் என்று கணக்கிட்டால் முழுக்க அடைத்த அறையில் 7,000 பிபிஎம் வரை போகலாம். கதவிடுக்கு வழியே காற்று வந்து போவதால் நடைமுறையில் அதைவிட நன்றாகக் குறைவாகவே இருக்கும். உயிராபத்து கிடையாது. புழுக்கம், மந்தம் வரலாம். ஆயிரம், இரண்டாயிரம் பிபிஎம்மில் சிந்தனைத் திறன் குறைகிறதா என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். காரில் நீண்ட தூரம் போகும்போது உள்காற்றுச் சுழற்சிப் பொத்தானை அவ்வப்போது மாற்றுங்கள், ஓட்டுநருக்குத் தூக்கம் வருவதில் இதற்கும் பங்கிருக்கலாம்.

---

அமராவதிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மேஸ்திரியிடம் இழையைப் படித்துக் காட்டினேன். அவர் மகனும் இதே வேலைதான் செய்கிறான், அதனால் கவனமாகக் கேட்டார். ஆள் இறங்காமல் முடிகிற வழியைப் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார்: முதலில் சேற்று மோட்டார், பிறகு கிரேன் வாளி. கடைசியில் மூலையில் இருப்பதை வார மட்டும் ஆள் வேண்டியிருந்தால் மீட்டரும் ஊதுவிசிறியும் வைத்து.

---

தீயணைப்பில் இருந்தவன் எழுதியது:

மிக நல்ல முடிவு. விசிறியின் குழாய் முனை அடிமட்டம் வரை போக வேண்டும், மேலே நின்று ஊதினால் கீழே உள்ளது அசையாது. விசிறி இழுக்கும் வாய்ப் பக்கம் எந்த எஞ்சின் புகையும் வரக் கூடாது. வேலை முடிந்து ஆள் ஏறும் வரை நிறுத்தக் கூடாது. சிலர் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து விடுவார்கள், அது தீயை வரவேற்பது.

---

சோழிங்கநல்லூர் எழுதியது:

கடைசியாக ஒன்று. எங்கள் அலுவலகத்தில் சிறிய சர்வர் அறை, பத்துக்குப் பத்து அடி. வாசலில் 4.5 கிலோ சிஓ2 தீயணைப்பான் மாட்டியிருக்கிறது. தீப்பிடித்தால் உள்ளே போய் அடிக்கலாமா?

---

தீயணைப்பில் இருந்தவன் எழுதியது:

மின்சாதனத் தீக்கு அது சரியான கருவிதான், ஈரமோ பொடியோ விடாது. கணக்கு இப்படி: 4.5 கிலோ முழுக்க விட்டால் இரண்டரை கன மீட்டர் வாயு. பத்தடி உயரம் என்றால் உங்கள் அறை 28 கன மீட்டர். 8, 9 சதவீதம் வரும். அதனால் கதவருகே நின்று, வெளியேறும் வழி முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி அடியுங்கள். காலியானதும் வெளியே வந்துவிடுங்கள், தீ அணைந்ததா என்று பார்க்க உள்ளே போகாதீர்கள், அணைந்தது போலிருந்தாலும் சூடு இருந்தால் மீண்டும் பற்றும். கூம்பைக் கையால் பிடிக்க வேண்டாம், பனி கட்டிக் கை ஒட்டிக்கொள்ளும். பிடி இருக்கும் இடத்தில் மட்டும் பிடியுங்கள். பிறகு கதவைத் திறந்து வைத்து விசிறி போட்டு, நன்றாகக் காற்றோடிய பின்புதான் ஆள் நுழைய வேண்டும். அந்த அறையில் இரவில் தனியாக வேலை பார்ப்பவர் யாராவது இருந்தால் இதை அவருக்கு முதலில் சொல்லுங்கள்.